அயலாரை நோக்கிய வழி: ஓபர்ஹவுசன் குறும்பட விழாவும் தேர்வின் அறமும்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களாலும் எஃகு ஆலைகளாலும் வளர்ந்த ரூர் வட்டாரத்து நகரமான ஓபர்ஹவுசனில் 1954ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை நடந்துவரும் பன்னாட்டுக் குறும்பட விழா, இவ்வகை விழாக்களுள் உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவ்விழா தன் தொடக்கக் காலத்திலேயே வரித்துக்கொண்ட முழக்கம், 'அயலாரை நோக்கிய வழி' எனப் பொருள்படும் மூன்று ஜெர்மன் சொற்களால் ஆனது. கலைக்கென எடுக்கப்படும் விழா ஒன்று அழகையோ புதுமையையோ இளமையையோ தன் கொடியில் எழுதாமல், அறநூல்களுக்கும் சமய நூல்களுக்கும் உரிய 'அயலார்' என்ற சொல்லை எழுதிக்கொண்டது தற்செயல் எனத் தள்ளிவிடத் தக்கதன்று. தான் எடுத்த படத்தை முன்பின் அறியாத மனிதரின் பார்வைக்கு அனுப்புகிறவருக்கும், அதை ஏற்பதா விடுப்பதா என முடிவுசெய்கிறவருக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது, அவர்கள் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடன் எது என்ற வினாவை அச்சொல் எழுப்புகிறது. விண்ணப்பப் படிவம், கடைசி நாள், தேர்வுக்குழு, மறுப்புக் கடிதம் என வெறும் அலுவல் நடைமுறையாகத் தோன்றும் அனைத்தும் அவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடைகளாகவே பொருள் பெறுகின்றன.

இவ்வினாவின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை 'அயல்' என்ற தமிழ்ச் சொல்லே காட்டித் தருகிறது. 'அண்டை அயல்' என்னும்போது அது சுவருக்கு அப்பால் குடியிருப்பவரைக் குறிக்கிறது. 'அயல்நாடு' என்னும்போது கடலுக்கு அப்பால் உள்ள நிலத்தைக் குறிக்கிறது. அருகில் இருப்பதும் வேறாக இருப்பதும் ஒரே சொல்லுக்குள் கூடி வாழ்கின்றன. விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்புகள் இவ்விரு பொருளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டன என்பது கவனத்துக்குரியது: தன்னைப்போல் நேசிக்கப்பட வேண்டியவர் யார் என்னும் இடத்தில் சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்றது, பிற்காலத்தில் சபைகள் இணைந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்றது. முன்னது வேறுபாட்டையும் பின்னது நெருக்கத்தையும் முன்னிறுத்துகின்றன. மூலமான கிரேக்கச் சொல்லோ அருகில் இருப்பவர் என்ற பொருளை உடையது. ஜெர்மன் மொழியில் இதற்கு இணையான பிளவு வேறு வகையில் அமைந்திருக்கிறது. மார்ட்டின் லூதரின் விவிலியத்திலும் தேவாலயப் பிரசங்கங்களிலும் 'நேக்ஸ்டர்' என்ற சொல் வழங்க, அடுத்த வீட்டுக்காரரையும் எல்லைக்கு அப்பால் உள்ள நாட்டையும் குறிக்க 'நாக்பார்' என்ற அன்றாடச் சொல் வழங்குகிறது. ஓபர்ஹவுசன் விழா எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் சொல்லையே. பிரசங்க மேடையின் சொல்லை விடுத்துத் தெருவின் சொல்லை அது தேர்ந்ததனால், அயலாரை நேசித்தல் என்ற பழங்கட்டளை முகவரியும் எல்லைக்கோடும் கடவுச்சீட்டும் உள்ள உலகுக்குள் இறங்கி வர நேர்ந்தது.

அந்த முழக்கத்தில் 'வழி' என்ற சொல்லும் இருக்கிறது. லூக்கா நற்செய்தியில் நல்ல சமாரியரின் உவமை எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியிலேயே நிகழ்கிறது. சட்ட அறிஞர் ஒருவர் தமக்கு அயலார் யார் என்று கேட்க, இயேசு அதற்கு நேராக விடை தராமல், கள்வரிடம் அடிபட்டு வழியோரம் கிடந்தவனுக்கு மூவரில் எவர் அயலாராக நடந்துகொண்டார் என்று திருப்பிக் கேட்கிறார். எவர் எவருக்கு அயலார் என்பது பிறப்பாலோ இருப்பிடத்தாலோ முன்கூட்டியே முடிவாகிவிடுவதில்லை, வழியில் ஒருவர் தம் நடையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும் செயலால் அது உண்டாகிறது என்பது அவ்வுவமையின் உட்பொருள். டென்மார்க்கின் சமயச் சிந்தனையாளர் சோரன் கீர்க்ககோர் 1847இல் வெளியிட்ட 'அன்பின் செயல்கள்' என்ற நூல் இதையே விரித்து, காதலும் நட்பும் விரும்பியவரைத் தேர்ந்துகொள்ளும் அன்புகள் என்றும், அயலார்பால் செலுத்தும் அன்பு தேர்வுக்கு இடம் தராதது என்றும் வேறுபடுத்தியது. இங்குதான் திரைப்பட விழாவின் அறச்சிக்கல் தொடங்குகிறது. விழா என்பதே தேர்வினால் உண்டாவது. ஆயிரம் படங்கள் வந்தால் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை விலக்கினால் அன்றி அதற்கு உருவம் கிடைக்காது. தேர்வை மறுக்கும் அன்பின் பெயரால், தேர்வையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்று இயங்குவது எவ்வாறு?

இம்முழக்கம் எழுந்த சூழலை அறியாமல் இச்சிக்கலின் கனத்தை உணர இயலாது. விழாவைத் தொடங்கிய ஹில்மர் ஹோஃப்மன், வேலை முடித்து வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்தும் மக்கள் கல்விக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். தொடக்கத்தில் அது கல்விப் படங்களுக்கான சில நாள் நிகழ்ச்சியாகவே திட்டமிடப்பட்டது. 1956 முதல் 1979 வரை நகரத்தின் முதன்மை மேயராக இருந்த லூயிசே ஆல்பர்ட்ஸ், நாஜி ஆட்சியில் சிறைப்பட்டு பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் உயிரிழந்த சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவரின் மகள். போர் முடிந்து நெடுங்காலம் ஆகாத ஜெர்மனியில் 'அயலார்' என்ற சொல் போலந்தையும் செக்கோஸ்லோவாகியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் பிரான்சையும் குறித்தது. அவை ஜெர்மானியப் படைகளால் மிதிக்கப்பட்ட நாடுகள். அவற்றுள் கிழக்கே இருந்தவை இப்போது பனிப்போரின் மறுபக்கத்தில் நின்றன. கிழக்கு ஐரோப்பியப் படங்கள் மேற்கு ஜெர்மனிக்குள் வருவதற்கு அமைச்சகங்களின் கூட்டுக்குழு ஒன்றின் ஒப்புதல் தேவைப்பட்ட அக்காலத்தில், ஒரு தொழில் நகரத்தின் குறும்பட விழா அப்படங்களை வரவழைத்துத் திரையிட்டதனால், அது கம்யூனிசத்துக்குக் கதவு திறப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. நிலக்கரியும் எஃகும் படைக்கலமாக மாறிய வட்டாரத்திலிருந்து, அந்தப் படைக்கலத்தால் தாக்கப்பட்டவர்களின் படங்களைக் காண ஓர் அழைப்பு எழுந்தது என்பதில் உள்ள மனமாற்றத்தை, சமய மொழியில் கூறினால், பாவமன்னிப்பு நாடும் செயலுக்கு நிகரானது எனலாம். அழைத்தவர்கள் அச்சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

இனி அழைப்பின் விதிகளுக்கு வரலாம். குறும்படம் என்பதற்கு இயல்பான எல்லை ஏதும் கிடையாது. ஒவ்வொரு விழாவும் ஓர் உடன்படிக்கையாக அதை வகுத்துக்கொள்கிறது. ஓபர்ஹவுசனின் பன்னாட்டுப் போட்டிக்கு 35 நிமிடம், பெர்லின் விழாவின் குறும்படப் பிரிவுக்கு 30 நிமிடம், கான் விழாவுக்கு 15 நிமிடம், அமெரிக்காவின் ஆஸ்கர் விருதுக்குப் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடம் என எல்லைகள் வேறுபடுகின்றன. படம் எடுக்கப்பட்ட ஆண்டு அண்மையதாக இருத்தல், மூல மொழியில் உள்ள தலைப்புடன் ஆங்கிலத் தலைப்பும் தருதல், சுருக்கமான கதைக் குறிப்பு, இயக்குநர் பற்றிய குறிப்பு, ஒளிப்படங்கள், தேர்வுக்குழு காண்பதற்கான கடவுச்சொல் இட்ட இணைப்பு, பாடலுக்கும் இசைக்கும் உரிமை பெற்றிருப்பதற்கான உறுதிமொழி, தேர்வானால் டிசிபி எனப்படும் திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதியை அனுப்புவதற்கான ஒப்புதல் ஆகியவை ஏறக்குறைய எல்லா விழாக்களிலும் கேட்கப்படுகின்றன. இவற்றோடு, படம் இதற்குமுன் எங்கே திரையிடப்பட்டது என்பதும் கேட்கப்படுகிறது. எங்குமே திரையிடப்படாத படத்தின் முதல் காட்சி உலக முதல் திரையிடல் என்றும், சொந்த நாட்டுக்கு வெளியே நிகழும் முதல் காட்சி பன்னாட்டு முதல் திரையிடல் என்றும் வழங்கும். இணையத்தில் எல்லோரும் காணுமாறு முன்பே ஏற்றிவிட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை என்பதால், அனுப்பும் வரிசையை முதலில் தீர்மானித்துவிட்டு அதன்பின் படத்தை வெளியிடுவதே படம் எடுப்பவருக்கு நன்று.

இவ்விதிகளை விருந்தோம்பலின் நிபந்தனைகளாகக் காண்பதற்கு மெய்யியல் ஒரு கருவியைத் தந்திருக்கிறது. இம்மானுவேல் காண்ட் 1795இல் எழுதிய நிரந்தர அமைதி பற்றிய சிறு நூலில், வேற்று நிலத்துக்கு வருகிறவருக்கு உள்ள உரிமையை இரண்டாகப் பிரித்தார்: பகைவராக நடத்தப்படாமல் வந்து தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் உரிமை எல்லா மனிதருக்கும் உண்டு, அது வருகையாளரின் உரிமை, ஒரு வீட்டில் தங்கி உண்ணும் உரிமை தனி உடன்பாட்டினால் மட்டுமே கிட்டும், அது விருந்தாளரின் உரிமை. இப்பிரிவு திரைப்பட விழாவுக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. விதிகளுக்கு உட்பட்டுப் படத்தை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் அப்படம் பார்க்கப்படும் உரிமை உண்டு. திரையிடப்படும் உரிமை எவருக்கும் கிடையாது. அனுப்பும் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு படத்தைத் திறந்தும் பாராமல் விடுகிற விழாவும், பெயரளவில் மட்டும் இருந்துகொண்டு அரங்கு ஏதும் இன்றிப் பரிசு இலச்சினைகளை வழங்கிக் காசு சேர்க்கிற விழாவும் மீறுவது இந்த முதல் உரிமையை. ஆகையால் எந்த விழாவுக்குப் படம் அனுப்புவது என ஆராய்பவர், முந்தைய ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா, உண்மையான திரையரங்கின் பெயர் அதில் இருக்கிறதா, தேர்வுசெய்கிறவர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்ப்பது, பண விரயத்தைத் தவிர்க்கும் எச்சரிக்கையோடு, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கதவருகே நின்று நோக்கும் இயல்பான செயலும் ஆகும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா, காண்ட் வகுத்த நிபந்தனையுள்ள விருந்தோம்பலோடு நிறைவடையாமல், பெயரும் ஊரும் கேளாமல் வருகிறவரை ஏற்கும் நிபந்தனையற்ற விருந்தோம்பல் ஒன்று அதற்குப் பின்னால் நின்று அதை எப்போதும் குற்ற உணர்வுக்கு உள்ளாக்குகிறது என்றார். பெயர், ஊர், ஆண்டு, கால அளவு என்று படிவம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவர் கூறிய முதல் வகையைச் சேர்ந்தது. தமிழில் இதற்கு இன்னோர் ஆழமும் உண்டு. 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வருகிறவர் என்பதனாலேயே வருகிறவருக்கு அப்பெயர் அமைந்தது, உணவைக் குறித்தது பிற்கால வழக்கு. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் எட்டு வனப்புகளுள் ஒன்றுக்கும் விருந்து என்பதே பெயர். புதிய முறையில் யாக்கப்படும் நூலை அது குறிக்கும். புதிய படைப்பும் வீட்டு வாயிலில் நிற்கும் முன்பின் அறியாதவரும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட மொழியில், படத்தைப் பார்த்தலும் விருந்தோம்பலும் ஒன்றென்று நிறுவுவதற்கு நீண்ட வாதம் தேவைப்படாது.

இதுவரை கூறியது வாயிலைப் பற்றியது. கடினமான பகுதி வாயிலுக்கு உள்ளே இருக்கிறது. படச்சுருளைப் பெட்டியில் இட்டு அஞ்சலில் அனுப்பிச் சுங்கம் கடந்து சேர்த்த காலத்தில், அனுப்பும் செலவே ஒரு வடிகட்டியாக இருந்தது. ஏழை நாட்டவரின் படங்கள் அவ்வடிகட்டியில் தங்கிவிட்டன. ஃபிலிம்ஃப்ரீவே போன்ற இணையத் தளங்கள் வந்தபின் எந்த ஊரிலிருந்தும் சில நிமிடங்களில் படத்தை அனுப்ப முடிகிறது. பெரிய குறும்பட விழாக்களுக்கு ஆண்டுதோறும் பல ஆயிரம் படங்கள் வந்துசேர்கின்றன. ஐயாயிரம் படங்கள், சராசரி 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 75,000 நிமிடம், அதாவது 1,250 மணி நேரம்; நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இடைவிடாது பார்ப்பவருக்கு 156 நாட்களுக்கும் மேல் ஆகும். எனவே தேர்வுக்குழுவினர் படங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றனர்; முதற்கட்டத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் பார்த்து விலக்கும் நிலை வருகிறது. வாயில் அகலத் திறந்ததனால் உள்ளே இருக்கும் கண்களின் பங்கு சுருங்கியது. விருந்தோம்பலுக்கும் கவனத்துக்கும் இடையே தோன்றியுள்ள இந்த இழுபறிக்கு எந்தத் தொழில்நுட்பமும் தீர்வாகிவிடவில்லை, ஏனெனில் கவனம் என்பது ஒரு மனிதர் தம் வாழ்நாளிலிருந்து அளந்து கொடுக்கும் நேரம்.

கவனத்தைச் சமயச் சிந்தனையின் நடுவில் வைத்தவர் 1909இல் பிறந்து 1943இல் மறைந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய். பள்ளிப் பாடங்களையும் இறைவேண்டலையும் இணைத்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று, கணக்குப் பாடத்தில் மாணவர் பழகும் கவனமும், துன்புறுகிறவர் ஒருவரைக் காணும் கவனமும், இறைவனை நோக்கிய கவனமும் ஒரே தன்மையன என்று வாதிடுகிறது. அவர் கருத்தில் கவனம் என்பது நெற்றியைச் சுருக்கி முயலும் உழைப்பைக் காட்டிலும், தன் எதிர்பார்ப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு எதிரே உள்ளது தன்னுள் நுழைவதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கும் காத்திருப்பு. அயலாரை நேசித்தல் என்பதன் சாரமே அவரிடம் துன்பம் எது என்று கேட்டுக் காத்திருக்கும் இக்கவனம்தான் என்றும், அது மிக அரிது என்றும் அவர் கருதினார். வெய்யின் அளவுகோலை வைத்து நோக்கினால், தேர்வுசெய்கிறவரின் தவறு பெரும்பாலும் தவறான முடிவில் இருப்பதில்லை. முதல் இரண்டு நிமிடத்துக்குள் படத்துக்கு வகைப்பெயர் சூட்டி, மீதியை அவ்வகைப்பெயருக்குச் சான்றாக மட்டும் பார்ப்பதில் இருக்கிறது. மெதுவாகத் தொடங்கும் படமும், தன் ஊரின் மரபுப்படி கதை சொல்லும் படமும், சப்டைட்டில் சரியாக அமையாத படமும் இப்பழக்கத்தால் முதலில் இழக்கப்படுகின்றன. சப்டைட்டில் என்பதைச் சிறு நுட்பமாகப் படம் எடுப்பவர்கள் கருதிவிடுவதும் உண்டு. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி ஆகிய நால்வரும் ஆங்கில வரியில் ஒரே சொல்லாகிவிடும்போது, நால்வருக்கும் இடையிலான உரிமையும் பிணக்கும் தேர்வாளரின் கண்ணுக்கு எட்டாமல் போகின்றன. அதை ஈடுசெய்யும் வழியை மொழிபெயர்ப்பவருடன் அமர்ந்து தேடுவது, அயலாரை நோக்கிப் படம் எடுப்பவர் தம் பங்குக்கு நடக்க வேண்டிய தொலைவு.

வெய்யின் நெறி ஒருவர் ஒருவரை எதிர்கொள்ளும் நிலைக்கு உரியது. ஆயிரம் பேர் ஒருசேர வாயிலில் நிற்கும்போது என்ன செய்வது என்பதற்கு விடை தேடியவர் இம்மானுவேல் லெவினாஸ். லித்துவேனியாவின் யூதக் குடும்பத்தில் 1906இல் பிறந்து, பிரெஞ்சுப் படைவீரராகப் பிடிபட்டு ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் போர்க்காலத்தைக் கழித்து, தம் குடும்பத்தாரை நாஜிகளின் கொலைவெறிக்குப் பலிகொடுத்த அவர், பிறருடைய முகம் என்னும் எதிர்நிலையே எல்லா அறத்துக்கும் ஊற்று என்றார். முகம் என்பதால் அவர் குறித்தது கண்ணும் மூக்கும் கூடிய தோற்றத்தை விட, எந்த வகைப்பாட்டுக்குள்ளும் அடங்காமல் ஒருவர் மற்றவரிடம் விடுக்கும் கோரிக்கையை. அக்கோரிக்கைக்கு அளவு கிடையாது. ஆனால் உலகில் இருவர் மட்டும் இல்லை. மூன்றாமவர் வந்த கணத்தில், எவருக்கு முதலில் செவிசாய்ப்பது என்ற கேள்வி பிறக்கிறது, ஒப்பிட இயலாதவர்களை ஒப்பிட வேண்டிய கட்டாயம் நேர்கிறது, அங்கே நீதியும் நிறுவனமும் தோன்றுகின்றன. 1974இல் வெளியான அவருடைய இரண்டாம் பெருநூல் இதை விரிவாக ஆராய்கிறது. தேர்வுக்குழு அறையில் நடப்பது இதுவே: சுரங்கத் தொழிலாளியைப் பற்றிய ஆவணப் படத்தையும், களிமண் பொம்மைகளை நகர்த்தி எடுத்த அசைவூட்டப் படத்தையும், கதையே இல்லாமல் ஒளியின் மாற்றத்தை மட்டும் பதிவுசெய்த சோதனைப் படத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் தராசு எங்கும் கிடையாது, எனினும் நிறுத்தாக வேண்டும். ஒப்பிட முடியாததை ஒப்பிட்டோம் என்ற உணர்வு உறுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அந்நீதி நீதியாக இருக்கும் என்பது லெவினாஸின் சிந்தனையிலிருந்து பெறப்படும் முடிவு. மதிப்பெண்களைக் கூட்டி வகுத்துப் பெறும் சராசரி அவ்வுறுத்தலை மறக்கச் செய்வதனால், தேர்வாளர்கள் ஒரே அறையில் அமர்ந்து வாதாடி முடிவுசெய்யும் பழைய முறை, அதிக நேரம் பிடித்தாலும், அறத்துக்கு நெருக்கமானது.

குறும்படத்துக்கே உரிய ஒரு தன்மை இவ்விடத்தில் வெளிப்படுகிறது. இக்கலைவடிவம் பற்றி எழுதுகிறவர்கள் இதற்குப் போதிய இடம் கொடுப்பதில்லை. முழுநீளப் படம் தனியாக வருகிறது; அரங்கில் விளக்கு அணைந்தது முதல் மீண்டும் எரியும் வரை அந்நேரம் முழுவதும் அதற்கே சொந்தம். குறும்படத்துக்கு அவ்வாய்ப்பு அநேகமாக இல்லை. ஐந்தாறு படங்களைச் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொகுப்பாகவே அது திரைக்கு வருகிறது. தான் அறியாத படம் ஒன்றின் பின்னும், தான் அறியாத இன்னொன்றின் முன்னும் அது குடியமர்த்தப்படுகிறது. முந்தைய படத்தின் துயரம் பார்வையாளர் மனத்தில் இருந்து வடிவதற்குள் அடுத்த படத்தின் முதல் காட்சி வந்துவிடுகிறது. நகைச்சுவைப் படத்தின் பின் வரும் அமைதியான படம் சிரிப்பின் மிச்சத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓபர்ஹவுசன் நகரின் லிஷ்ட்பூர்க் திரையரங்கில், பெயருக்கேற்ற அந்த 'ஒளிக்கோட்டை'யில், ஒரு நாட்டின் போர் நினைவும் இன்னொரு நாட்டின் குழந்தை விளையாட்டும் ஒரே சுவரைப் பகிரும் வீடுகளாகின்றன. 2015இல் இவ்விழாவில் பன்னாட்டுத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் பரிசைப் பெற்ற பாயல் கபாடியாவின் 'தி லாஸ்ட் மேங்கோ பிஃபோர் த மான்சூன்' காட்டையும் பிரிவையும் பற்றிய மென்மையான படம். பின்னாளில் கான் விழாவில் பெரும்பரிசு பெறவிருந்த இயக்குநரின் அப்படத்தை அன்று கண்டவர்கள், அதை அவர் பெயருக்காகப் பார்க்கவில்லை, தொகுப்பில் அடுத்து வந்தது என்பதனால் பார்த்தார்கள். அடுத்திருத்தல் என்ற அந்தத் தற்செயலுக்குள்தான் அயலாரை நோக்கிய வழி உண்மையில் திறக்கிறது. தொகுப்பை வரிசைப்படுத்துகிறவரின் கலை, தெரு ஒன்றைத் திட்டமிடுகிறவரின் கலை. எந்த வீட்டின் சாளரம் எந்த வீட்டு முற்றத்தை நோக்கும் என்று அவர் அறிந்திருக்க வேண்டும்.

இவ்விழாவில் சமயத்தின் நேரடி இருப்பும் உண்டு. திருச்சபைகளின் திரைப்பட அமைப்புகள் நியமிக்கும் நடுவர் குழு ஒன்று தனிப் பரிசு வழங்குகிறது. கத்தோலிக்கரின் பன்னாட்டுத் திரைப்பட அமைப்பு 1928இலும், சீர்திருத்தச் சபையினரின் இன்டர்ஃபிலிம் 1955இலும் தோன்றியவை. இரு தரப்பினரும் ஒன்றாக அமரும் ஒன்றிப்பு நடுவர் குழு முதன்முதலில் 1973இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவிலும், மறு ஆண்டு கான் விழாவிலும் அமைந்தது. ஒன்றிப்பு என்பது பிரிந்த திருச்சபைகள் தம் வேறுபாட்டை ஒழிக்காமல் இணைந்து பணிபுரியும் இயக்கத்தைக் குறிக்கும் சொல். நம்பிக்கை உடையவர் கலையை நடுவராக இருந்து மதிப்பிடலாமா என்ற ஐயம் இதனால் எழுவது இயல்பு. தம் கொள்கையின் எதிரொலியைத்தானே அவர் தேடுவார் என்று கேட்கப்படலாம். நடைமுறை இதற்கு மாறான சான்றைத் தருகிறது. சோவியத் நாட்டில் வளர்ந்த ஆந்திரேய் தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்', 'நோஸ்டால்ஜியா', 'சாக்ரிஃபைஸ்' ஆகிய மூன்று படங்களுக்கும் கான் விழாவில் இக்குழுவின் பரிசு கிடைத்தது. அவற்றுள் எதுவும் விடை சொல்லும் படம் அன்று. சமயம் என்பது பண்பாட்டின் ஒரு தனி அறையாக இராமல் ஒவ்வொரு படைப்பின் ஆழத்திலும் உள்ள இறுதி அக்கறையாக இருக்கிறது என்ற இறையியலாளர் பால் டில்லிக்கின் கருத்து, கடவுளின் பெயரே வராத பத்து நிமிடப் படம் ஒன்றுக்குத் திருச்சபையினர் பரிசளிப்பதன் நியாயத்தை விளக்கப் போதுமானது.

எனினும் சமய உணர்வின் பெயரால் கதவு அடைக்கப்பட்ட வரலாறும் இதே ஊருக்கு உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 1962 பிப்ரவரி 28 அன்று, இவ்விழாவின்போது, அலெக்சாண்டர் க்ளூகே, எட்கர் ரைட்ஸ் உள்ளிட்ட திரைத்துறையினர் 26 பேர் கையெழுத்திட்ட அறிக்கை, பழைய திரைப்படம் இறந்துவிட்டது என அறிவித்துப் புதியதன்மீது தம் நம்பிக்கையைச் சாற்றியது; அதன் வடிவமே திருச்சபையின் நம்பிக்கை அறிக்கையை நினைவூட்டுவது. அதன்பின் வந்த திரைப்பட உதவிச் சட்டத்தில், ஒழுக்க உணர்வையோ சமய உணர்வையோ புண்படுத்தும் படத்துக்கு அரசு உதவி கிடையாது என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அப்பிரிவை உடலின் மறைவான உறுப்பு ஒன்று வாசிப்பதுபோல் காட்டிக் கடுமையாக எதிர்த்த ஹெல்முத் கோஸ்டார்டின் குறும்படத்தைத் தேர்வுக்குழு 1968ஆம் ஆண்டு விழாவுக்கு ஏற்றது. அரசு வழக்குரைஞரின் தலையீட்டுக்குப் பின் அது நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட, ஜெர்மானிய இயக்குநர்கள் பலர் தம் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அந்தப் படத்தின் சுவை பற்றிக் கருத்து வேறுபடலாம். ஏற்கப்பட்ட விருந்தினரை உண்ணும் வேளையில் எழுப்பி அனுப்புவது, வாயிலிலேயே மறுப்பதைவிடக் கொடிது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை; மற்ற இயக்குநர்கள் தம் தட்டையும் வைத்துவிட்டு எழுந்தது அதனால்தான். 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலுக்குப் பின், இஸ்ரேலுக்கு ஆதரவாகப் பெர்லினில் நடந்த பேரணிக்கு விழாவின் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியான அழைப்பும், அதன் மொழியைக் கண்டித்துத் திரைத்துறையினர் பலர் கையெழுத்திட்ட திறந்த மடலும், அதைத் தொடர்ந்த விலகல்களும், ஒரே நேரத்தில் இரு அயலாரின் துயரம் வாயிலில் நிற்கும்போது முழக்கம் எத்துணை கடினமானதாகிவிடுகிறது என்பதைக் காட்டின. லெவினாஸ் கூறிய மூன்றாமவர் அங்கே கருத்தாக நிற்கவில்லை, படச்சுருளோடு நின்றார்.

மறுக்கப்பட்ட படங்களைப் பற்றியும் கூற வேண்டும், ஏனெனில் எண்ணிக்கையில் அவையே விழாவின் பெரும்பகுதி. பெரும்பாலான விழாக்களின் மறுப்பு மடல் காரணம் கூறுவதில்லை. ஆயிரக்கணக்கானோருக்குத் தனித்தனியே காரணம் எழுத இயலாது என்பது உண்மை, பொய்யான காரணத்தைவிட மௌனம் மேலானது என்பதும் உண்மை. சமாரியரின் உவமையில் அடிபட்டவனைக் கண்டு விலகிப் போன ஆசாரியருக்கும் லேவியருக்கும்கூட அவசரமான கடமைகள் இருந்திருக்கலாம். உவமை அவற்றை விசாரிக்கவில்லை. ஆனால் அவ்வுவமையில் பலரும் கவனியாமல் கடந்துவிடும் நான்காவது மனிதர் ஒருவர் இருக்கிறார், அவர் சத்திரக்காரர். சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகக் கூறிப் போய்விட, முன்பின் அறியாத நோயாளியைத் தன் கூரைக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் விடப்படுகிறது. சில குறும்பட விழாக்கள், போட்டிக்குத் தேர்வாகாத படங்களையும் காணொளி நூலகம் ஒன்றில் வைத்து, வேறு விழாக்களின் தேர்வாளர்களும் விநியோகஸ்தர்களும் தொலைக்காட்சியினரும் வந்து காணுமாறு ஏற்பாடு செய்கின்றன. சிறு தடுப்புகளுக்குள் அமைந்த கணினித் திரைகளின் முன் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, பரிசளிப்பு ஆரவாரம் எட்டாத அறையில், எவரோ ஒருவர் பட்டியலில் தலைப்பை மட்டும் கண்டு ஒரு படத்தைத் திறக்கிறார். அதை எடுத்தவர் அந்நேரத்தில் வேறொரு நாட்டில் தம் படம் மறுக்கப்பட்டது என்ற மடலைப் படித்து முடித்திருக்கலாம்.